சுகாசினி எழுதிக் கொடுத்த மன்னிப்பு

என் மனைவி சுகாசினியைத் திருடி என்கிறார்கள். முகத்துக்கு நேராக யாரும் அப்படிச் சொல்லவில்லை. படித்தவர்கள் அதையெல்லாம் நாசூக்காகச் செய்வார்கள். 'கருத்துத் திருட்டு' என்று ஒரு வார்த்தை, 'உறுதி செய்யப்பட்டது' என்று பக்கத்தில் இன்னொரு வார்த்தை, கீழே ஒரு கையெழுத்து. ஒரு மனுஷியின் பன்னிரண்டு வருஷப் படிப்பு அதோடு காலி.

நான் இளங்கோவன். சின்ன காஞ்சிபுரத்தில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூவோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆராய்ச்சி, ஜர்னல் என்று பேச இவன் யார் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நாளெல்லாம் அவளைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டியவன் நான்தான். அவள் இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் கரையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். நான் பேசாமல் வேறு எவன் பேசுவான்?

சுகாசினி தாமல்காரி. எனக்கு அத்தை மகள். அவள் அப்பா கந்தன் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் அடுத்தவர் கழனியிலேயே ஆயுசைக் கழித்தவர். அத்தை மரியம்மாள் நடவுக்கும் களைக்கும் போய் வந்தாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்கும் போனாள். அந்தக் காலனியில் எம்.எஸ்சி. வரை போன முதல் பெண் இவள். கல்யாணத்தின்போது பாதிப் படிப்பில் இருந்தாள். "நிறுத்திடணுமா மாமா?" என்று கேட்டாள். "நிறுத்தினியானா வண்டில ஏத்தி தாமலுக்கே திருப்பி அனுப்பிடுவேன்" என்றேன். சிரித்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் டாக்டர் பட்டம் வேண்டும். அதற்குப் பதிவு செய்தாள். துறைத் தலைவர் மாணிக்கவாசகம்தான் கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. என் கடைக்கு வருகிறவர்கள் பட்டம் வருவதற்கு முன்பே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மணியம்மாள் என்று மோர் விற்கிற அம்மா ஒருத்தி, "டாக்டரம்மா, முழங்கால் வலிக்கு ஒண்ணு எழுதிக் குடேன்" என்று விடாமல் கேட்பாள். இவளும் சளைக்காமல், "மோர் நெறய குடி ஆயா" என்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் தாமல் ஏரி. மழைக்கு முன்னால் ஏரித் தண்ணீர் எப்படி இருக்கிறது, மழைக்குப் பின்னால் எப்படி மாறுகிறது, சுற்றியுள்ள கிணறுகளில் அந்த மாற்றம் எத்தனை தூரம் போய்ச் சேருகிறது. அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம். செய்து பார்த்தால்தான் தெரியும். வெயிலில் வெடித்துக் கிடக்கும் ஏரிக்குள் நடந்துபோய்க் குட்டையில் தேங்கியதை எடுப்பாள். ஐப்பசி மழையில் கரை வழுக்கி விழுந்து எழுந்து, பாட்டில் மட்டும் உடையவில்லை என்று சந்தோஷப்படுவாள். கிணற்றுக்காரர் ஒருவர், "இன்னாமா, எங்க தண்ணிய பாட்டில்ல அடைச்சி எங்களுக்கே விக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை எடுத்துக் கொடுப்பார்.

கட்டுரையை அவளே எழுதினாள். இங்கிலீஷில் ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள், எனக்குப் படித்துக் காட்டுவாள். "புரியுதா மாமா?" "ஒரு எழவும் புரியல." "அப்ப சரியா எழுதிக்கினு இருக்கிறேன்னு அர்த்தம்." இப்படித்தான் அந்தக் கட்டுரை வளர்ந்தது. அது ஒரு நல்ல ஜர்னலில் வந்தால்தான் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க முடியும். ஏற்கெனவே காலக்கெடுவை ஒருமுறை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். இந்த வருஷம் விட்டால் பதிவே ரத்து. பதிவு போனால் வேலையும் போகும். அந்த ஒரு கட்டுரையில் அவள் மொத்த வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பர்சன்டேஜ் கதைக்கு வருகிறேன். ஜர்னலுக்குப் போகிற ஒவ்வொரு கட்டுரையையும் முதலில் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்களாம். அதுவரை உலகத்தில் எழுதப்பட்டதோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று அது சொல்லும். நல்ல ஏற்பாடுதான். பார்த்து எழுதுகிறவனைப் பிடிக்க வேண்டாமா? ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஜர்னல் பார்ப்பதற்கு முன்னால் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுப்பது மாதிரி, அதைச் செய்யாமல் அனுப்பினால் யாருக்கும் மனசு ஒப்புவதில்லை. கல்லூரி நூலகத்தில் அந்த மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஆள் அதிகம், வரிசை நகராது. அதனால் எல்லோரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் அயாஸ் கடைக்குப் போவார்கள். ஆய்வேடு டைப் அடிப்பது, பைண்டிங், அதோடு பர்சன்டேஜ். மாணிக்கவாசகமே தன் மாணவர்களை அங்கேதான் அனுப்புவார். இவளிடமும் சொன்னார்: "அயாஸ் கிட்ட ஒரு தடவ போட்டுப் பாத்துட்டு அனுப்புமா. அப்பறம் பிரச்சின வராது."

போட்டுப் பார்த்தாள். ஆறு சதவீதம் என்று வந்தது. அதுவும் வேதிப்பொருள் பெயர்களும் அளவுகளும்தான். ஜர்னலுக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் வரதராஜர் கோயில் மதில் ஓரமாக என்னோடு நடந்து வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் கையை வீசி நடந்ததைப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரி நேரத்தில் கடைக்கு வரவே வராதவள் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, நான் எழுதினத வேற யாரோ ஏற்கெனவே எழுதிட்டாங்களாம்."

"இன்னா உளர்ற?"

"தொண்ணூத்தி மூணு பர்சன்ட் ஒத்துப் போவுதாம். வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணுல எவனோ ஒரு ஸ்டூடன்ட் குடுத்திருக்கிறானாம். ஜர்னல்லேர்ந்து விளக்கம் கேட்டிருக்கிறாங்க."

தாமல் ஏரியைப் பற்றி வெளிநாட்டில் ஒருத்தன் எழுதினானாம், அதுவும் இவள் இறங்கிய அதே கிணறுகளைப் பற்றி! எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சற்று நேரம் தரையில் கிடந்த நட்டு போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அயாஸ் பாய் கடைல போட்டமே" என்றாள்.

கையைக்கூடக் கழுவாமல் அயாஸ் கடைக்குப் போனேன். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளியே வந்தது. பர்சன்டேஜ் பார்க்கிற கணக்கு, அதாவது அந்த மென்பொருளுக்குள் நுழைகிற அக்கவுண்ட், அவனுடையது இல்லை. ஒரு புரோக்கரிடம் வாங்கியது. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழக வாத்தியார் பேரில் இருக்கிற கணக்கு. பழைய கணக்கில் கட்டுரையைப் போட்டால் பார்த்துவிட்டு விட்டுவிடும். புரோக்கர் புதிதாக மாற்றிக் கொடுத்த கணக்கு அப்படி இல்லை. போட்டதையெல்லாம் அந்தப் பல்கலைக்கழக மாணவன் கொடுத்த கட்டுரையாக உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கிறது. இவள் கட்டுரை அப்படித்தான் உள்ளே போயிருக்கிறது. ஜர்னல் அதையே மறுபடி போட்டதும், இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்று மென்பொருள் சொல்லிவிட்டது.

"எனக்கே தெரியாதுடா இளங்கோ. அல்லா மேல சத்தியமா" என்றான் அயாஸ். அடிக்கலாம் என்று வந்தவன் நான். அடிக்க முடியவில்லை.

"நீதான் போட்டன்னு எழுதிக் குடு."

"குடுத்தா கட போயிடும். போவட்டும், தர்றேன். ஆனா உன் வீட்டம்மாவ மொதல்ல அவங்க சார் கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கச் சொல்லு. அவரு அனுப்பின ஆளுங்க எல்லாரும் இங்கதான் வந்திருக்கிறாங்க."

அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் சுகா மாணிக்கவாசகத்திடம் போனாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். "கட பேர வெளிய எடுத்தியானா டிபார்ட்மென்ட்டே மாட்டிக்கும்மா. ஒண்ணு செய். பிரின்சிபாலுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு. தெரியாம நடந்துட்டது, இனிமே நடக்காதுன்னு. ஜர்னல்ல கேட்டா, உள்ளயே விசாரிச்சி முடிச்சிட்டோம்னு நான் சொல்லிக்கிறேன். கட்டுரைய வேற எங்கியாவது போட்டுக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இந்த மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் எழுதிக்கொண்டே வருகிறோம். லேட்டாக வந்தால் மன்னிப்புக் கடிதம். எவனோ ஜன்னலை உடைத்தால் வகுப்பு முழுக்க மன்னிப்புக் கடிதம். கல்லூரியில் வாத்தியார்களும் அதையே எழுதுகிறார்கள். பரீட்சை ஹாலுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் ஒன்று, மேலே இருப்பவர் காரணமில்லாமல் கோபப்பட்டால் ஒன்று. அதில் இருப்பது உண்மை என்று எழுதுகிறவரும் நினைப்பதில்லை, வாங்குகிறவரும் நினைப்பதில்லை. 'ஆளை விடுங்கள்' என்பதுதான் அதற்கு அர்த்தம். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். வேறு மாநிலத்தில் உட்கார்ந்து ஜர்னல் நடத்துகிற ஓர் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

என்னிடம் சொல்லாமலே எழுதிக் கொடுத்துவிட்டாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

"செய்யாததுக்கு எதுக்குடி எழுதிக் குடுத்த?"

"குடுத்தா விட்டுடுவாங்க மாமா. அதோட முடிஞ்சிடும்னு சார் சொல்றாரு."

"ஜர்னலுக்கு இன்னா பதில் போட்ட?"

"காலேஜ்ல பாத்துக்கினு இருக்கிறாங்கன்னு போடச் சொன்னாரு. அப்படியே போட்டுட்டேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அவள் தட்டைக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

முடியவில்லை. ஒரு மன்னிப்போடு விஷயம் முடியுமா? எழுதியவர் விளக்கம் சொல்லாவிட்டால் கல்லூரியைக் கேட்பது ஜர்னலின் முறையாம். கேட்டார்கள். கல்லூரியிலிருந்து என்ன போயிற்று தெரியுமா? அவள் எழுதிக் கொடுத்த மன்னிப்பை இங்கிலீஷாக்கி, 'கட்டுரையாளர் தன் தவற்றை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்' என்று மேலே ஒரு வரி போட்டு அனுப்பிவிட்டார்கள். மாணிக்கவாசகமும் கையெழுத்துப் போட்டிருந்தார். அடப்பாவி! அதைப் பார்த்து ஜர்னல் 'உறுதி செய்யப்பட்டது' என்று முடித்து, பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியது. உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று பல்கலைக்கழகம் இவளைக் கேட்டது.

அந்த வாரங்களில் சுகா கல்லூரிக்குப் போவாள், வருவாள், வந்ததும் படுத்துக்கொள்வாள். அவளோடு தினமும் பஸ்ஸில் வருகிற தீபிகா என்ற டீச்சர் வேறு சீட்டில் போய் உட்கார ஆரம்பித்தாளாம். தாமலிலிருந்து அத்தை வந்தாள். மகள் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கிட்டே போய் மெதுவாகக் கேட்டாள்.

"யாருதுடி எடுத்துட்ட?"

"யாருதும் எடுக்கலமா. என்னுதுதான்."

"உன்னுத நீ எடுத்தா இவங்களுக்கு இன்னா வந்துச்சாம்?"

சுகா அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். நான் வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அயாஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நான் கேட்காமலே வீட்டுக்கு வந்து, இந்தக் கட்டுரையை இன்ன தேதியில் இன்ன கணக்கில் போட்டவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். "உங்க சோத்துல மண்ண போட்டுட்டேன்மா" என்று சுகாவைப் பார்த்துக் கும்பிட்டான். அதையும், ஏரியிலும் கிணறுகளிலும் நான் எடுத்த போட்டோக்களையும், அவள் சோதித்த அளவுகளையும் சேர்த்து ஜர்னல் அம்மாவுக்கு அனுப்பினாள்.

பதில் சீக்கிரமே வந்தது. மரியாதையான பதில். அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை அந்த அம்மா என்று எனக்கே தெரிந்தது. அனுப்பியதையெல்லாம் பார்த்தேன், ஆய்வு உங்களுடையது என்று நம்ப இடமிருக்கிறது, ஆனால் உங்கள் கல்லூரி கொடுத்த கடிதத்தைக் கல்லூரியே திரும்பப் பெற வேண்டும் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: நீங்கள் இதைச் செய்யவில்லை என்றால், ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள்?

சுகா அந்த வரியைப் படித்துவிட்டு போனை என் கையில் கொடுத்தாள். "நியாயமாத்தான் கேக்கறாங்க" என்றாள்.

கல்லூரிக்கு நானும் கூடப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

"திரும்ப வாங்கறதுன்னா, மொதல்ல ஏன் குடுத்தீங்கன்னு எங்கள கேப்பாங்கம்மா" என்றார் மாணிக்கவாசகம். "அதுவும் இல்லாம, கடைக்காரன் லெட்டர எங்கள கேக்காம நேரா ஜர்னலுக்கு அனுப்பிட்ட. பிரின்சிபால் ரொம்ப கோவமா இருக்கிறாரு. அதுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. அவரு சமாதானம் ஆவட்டும். அப்பறமா மத்தத பாக்கலாம்."

வெள்ளைத்தாளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. எழுந்து கதவுக்குப் போய்விட்டேன். உள்ளே சுகா பேனாவைக் கையில் எடுத்திருந்தாள். தாளைப் பார்த்தபடி இருந்தாள். எழுதிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

பேனாவை மூடி வைத்தாள். "எழுத மாட்டேன் சார்."

"எழுதலன்னா ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும். அப்பறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் சார்."

தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். என் பெண்டாட்டியை அப்போது பார்த்த மாதிரி நான் கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை.

அவர் சொன்னது நடந்தது. பதிவு ரத்தானது. ஒப்பந்தத்தைக் கல்லூரி புதுப்பிக்கவில்லை. அயாஸ் பர்சன்டேஜ் போர்டைக் கழற்றிவிட்டு வெறும் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறான். மாணிக்கவாசகம் இன்னும் கைடுதான். புது மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்வி. நன்றாக இருக்கட்டும் என்று சொல்லுகிற பெரிய மனசு எனக்குக் கிடையாது.

ஜர்னல் அம்மாவின் கேள்விக்கு மட்டும் சுகா இன்னும் பதில் போடவில்லை. போட்டாலும் பட்டம் திரும்பி வராது. ஆனாலும் மத்தியானத்தில் என் கடைக்கு வந்து, டயர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனில் தட்டுவாள், அழிப்பாள். போன வாரம் பொறுக்கமுடியாமல், "பயந்துட்டேன்னு ஒரு வரி எழுதிப் போடேன், முடிஞ்சிடும்" என்றேன்.

"பயந்து எழுதல மாமா" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும். ஏரி மீன் குத்தகை எடுத்தவங்களோட வலை காணாம போச்சு. ஊர்ல எது காணாம போனாலும் மொதல்ல எங்க காலனிக்குத்தான் வருவாங்க. வந்தாங்க. எங்கப்பா அப்ப ஜொரத்துல கெடந்தாரு, ஏரி பக்கமே போவல. ஆனாலும் எழுந்து போயி, துண்ட கக்கத்துல வெச்சிக்கினு, தப்பு நடந்து போச்சு சாமி, மன்னிச்சிக்கங்கன்னு சொன்னாரு. அவங்க திட்டிட்டுப் போய்ட்டாங்க. நீயா எடுத்தன்னு நான் கேட்டேன். நான் எங்கடி எடுத்தேன், சொன்னா போயிடுவாங்க, பாரு போய்ட்டாங்கன்னாரு. ஜெயிச்ச மாதிரி சிரிச்சாரு மாமா. நானும் சிரிச்சேன்."

போனை மறுபடி எடுத்தாள்.

"இத இங்கிலீஷ்ல எப்படி மாமா எழுதறது?"

எனக்கு இதைத் தமிழிலேயே எழுதத் தெரியாது.